கொரியாவை உதாரணம் காட்டும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான போதகர் ஐயாமாருக்கு,

ஸ்தோத்திரம். உங்களில் ஒருவரைக் குறிவைத்து இதை எழுதவில்லை. கன்வென்ஷன் மேடையிலும் யூடியூபிலும் "கொரியாவைப் பாருங்கள்" என்று கை நீட்டுகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான். அந்தப் பிரசங்கம் எனக்கு மனப்பாடம். இருளில் கிடந்த தேசம், 1885இல் கப்பலில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனெரிகள், 1907இல் பியோங்யாங்கில் பற்றிக்கொண்ட எழுப்புதல், விடியுமுன் எழுந்து ஜெபிக்கிற ஜனம், அப்புறம் யொய்தோவில் உலகத்திலேயே பெரிய சபை, கடைசியில் கர்த்தர் ஆசீர்வதித்துக் கொடுத்த சாம்சங்கும் ஹூண்டாயும். பிறகு கைதட்டல், ஜெபம், காணிக்கைப் பாட்டு.

சாம்சங்கைக் கர்த்தர் கணக்கில் எழுதுவதை மட்டும் விட்டுவிட்டால் மற்றதெல்லாம் நடந்ததுதான். ஆனால் கதையிலிருந்து ஒரு ஆளை மொத்தமாகத் தூக்கிவிடுகிறீர்கள், பழைய சீன ஞானி கன்பூசியஸை. அவரைத் தூக்கிவிட்டால் அந்தச் சபை எப்படி வேர்விட்டது என்பதும் புரியாது, இன்றைக்கு எங்கே நொண்டுகிறது என்பதும் புரியாது. நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். வேலைக்காகக் கொரியாவின் சுவோன் நகரில் இருந்த காலத்தில் பக்கத்தில் இருந்த ஒரு பிரஸ்பிட்டேரியன் சபைக்குத்தான் போய்வருவேன். அங்கே பார்த்ததிலும் அதற்குப் பிறகு தேடிப் படித்ததிலும் ஒட்டிக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். இறையியல் பட்டம் எதுவும் என்னிடம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள்.

முதலில் அந்த 1885. கொரியாவில் கிறிஸ்தவம் அதற்கு நூறு வருடம் முன்னாலேயே தொடங்கிவிட்டது, அதுவும் ஒரு மிஷனெரிகூட உள்ளே வராமல். மத்தேயோ ரிச்சி என்ற கத்தோலிக்க இயேசு சபைக் குரு பெய்ஜிங்கில் இருந்துகொண்டு, கன்பூசிய அறிஞர்களோடு வாதாடுகிற மாதிரி சீன மொழியில் ஒரு நூலை 1603இல் அச்சிட்டார். உங்கள் பழைய நூல்களில் வருகிற 'மேலான ஆண்டவர்' யாரோ, அவரைத்தான் நாங்கள் கடவுள் என்கிறோம், பின்னால் வந்த உரைகாரர்கள்தான் அவரை வெறும் தத்துவமாக ஆக்கிவிட்டார்கள் என்பது அதில் அவர் வைத்த வாதம். சீனாவுக்குத் தூது போய்வந்த கொரியர்கள் மூட்டையில் அந்த நூலும் வந்தது. 1614லேயே யி சு-குவாங் என்ற அறிஞர் அதைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு அது அறிஞர்களின் அலமாரியில் கிடந்தது. யி இக் என்பவரின் வழிவந்த இளைஞர்கள் சிலர் 1770களின் கடைசியில் உட்கார்ந்து படித்து விவாதித்து, படித்ததன்படி நாளும் கிழமையும் ஜெபிக்க ஆரம்பித்தார்கள். 1784இல் யி சுங்-ஹூன் பெய்ஜிங் போய் ஞானஸ்நானம் வாங்கிவந்து மற்றவர்களுக்கும் கொடுத்தார். முதல் குருவான சீனர் ஒருவர் நாட்டுக்குள் நுழைந்தது 1794 கடைசியில்தான். அதற்குள் நாலாயிரம் பேர் வரை விசுவாசிகள் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

நடுவில் அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தங்களுக்குள்ளேயே சிலரைக் குருக்களாக நியமித்துக்கொண்டு திருப்பலி நடத்தினார்கள், பாவசங்கீர்த்தனம்கூடக் கேட்டார்கள். பிறகு அவர்களில் ஒருவர் புத்தகத்தை இன்னும் கவனமாகப் படித்துவிட்டு, நாம் செய்வது செல்லாது போலிருக்கிறதே என்று சந்தேகம் கிளப்ப, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு பெய்ஜிங் ஆயருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். இது கன்பூசியப் பள்ளியில் வளர்ந்தவர்களின் குணம். நூலை வாய்விட்டு ஓது, திரும்பத் திரும்ப ஓது, அதில் சொல்லியிருப்பது போல நட, தப்பினால் திருத்திக்கொள். ஐயாமாரே, நீங்கள் கொண்டாடும் 1907 எழுப்புதல்கூட ஜாங்தேஹ்யோன் சபையில் நாட்கணக்காக நடந்த ஒரு வேதபாடக் கூட்டத்தில்தான் வெடித்தது. அந்தக் கூட்டங்களுக்கு ஜனங்கள் அரிசியைக் கட்டிக்கொண்டு நடந்தே வந்தார்கள். படிப்பதற்காக இப்படி வருகிற பழக்கத்தை மிஷனெரி கொண்டுவரவில்லை.

சரி, அந்த இளைஞர்கள் கன்பூசிய நூல்களில் கிடைக்காத எதைத் தேடினார்கள்? இதற்கு நல்ல பதில் ஜோங் யாக்-யோங் எழுத்தில் இருக்கிறது. கொரிய அறிவுலகத்தின் பெரும்புள்ளி அவர், இளமையில் இந்தக் கூட்டத்தோடு இருந்தார், பின்னால் விலகிவிட்டதாக எழுதிக்கொடுத்தார், உள்ளுக்குள் விலகினாரா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. இருட்டில் இடுகாட்டு வழியே போகிறவன் தானாகவே பயப்படுகிறான், அங்கே பேய் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அதே மாதிரி இருட்டறையில் தனியாக இருக்கும்போதும் சான்றோன் தப்புச் செய்ய நடுங்குகிறான், மேலான ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும் என்கிற பொருளில் எழுதுகிறார். தனிமையிலும் ஒழுங்காக இரு என்பது பழைய கன்பூசியப் பாடம்தான். ஆனால் யாருக்காக என்ற கேள்விக்கு அன்றைய புலவர்கள் 'நியதி' என்றார்கள். நியதிக்குக் கண் கிடையாது, அது யாரையும் பார்க்காது. பார்க்கிற ஒருவர் வேண்டும் என்று இவர்களுக்குப் பட்டது. கன்பூசியத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அவர்கள் கிறிஸ்துவிடம் வரவில்லை, கன்பூசியத்தை முழுசாக வாழ்ந்து பார்க்கத்தான் வந்தார்கள்.

அதனால்தான் அடுத்து நடந்தது அவ்வளவு கொடுமையாகத் தெரிகிறது. பெய்ஜிங் ஆயரிடமிருந்து 1790இல் வந்த பதிலில், முன்னோர் சடங்கு கூடாது என்று இருந்தது. அது அவர் சொந்த யோசனை இல்லை. சீனச் சடங்குகளைத் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் 1742இல் கடைசியாகத் தடைசெய்திருந்தார். இரண்டு வருடம் கழித்து, 1744இல், மதுரை மிஷனின் வழக்கங்கள் சிலவற்றைத் தடுத்து ஆணை போட்டவரும் இதே பெனடிக்ட்தான். அதனால் அந்த மதுரை மிஷனைத் தொடங்கிய நொபிலி ஊழியம் செய்த ஊர்க்காரர்களான நமக்கு இந்தக் கதை அவ்வளவு அந்நியம் கிடையாது.

1791இல் ஜின்சானில் யுன் ஜி-சுங்கின் தாய் இறந்தார். அவர் துக்கம் காத்தார், முறையாக அடக்கம் செய்தார், ஆனால் முன்னோர் பெயர்ப்பலகைகளை எரித்துவிட்டார், படையல் வைக்கவில்லை. உறவினர் குவோன் சாங்-யோனும் அவரோடு நின்றார். ஜோசோன் என்று பெயர் இருந்த அன்றைய கொரியாவில் இது வீட்டு விவகாரம் ஆகாது. தகப்பனை மதிக்காதவன் அரசனையும் மதிக்கமாட்டான் என்று நாடே பொங்கியது. அந்த வருடம் டிசம்பர் 8ஆம் தேதி ஜோன்ஜு நகரக் கோட்டை வாசலுக்கு வெளியே இருவருக்கும் தலை போனது. கொரியாவின் முதல் இரத்த சாட்சிகள்.

இப்போது இதைக் கேளுங்கள். 1939ஆம் வருடம், அதே டிசம்பர் 8ஆம் தேதியிட்டு ரோமிலிருந்து இன்னொரு ஆணை வந்தது. இறந்தவர் படத்துக்கோ, பெயர் மட்டும் எழுதிய பலகைக்கோ தலைவணங்குவது குடிமரியாதைதான், செய்யலாம் என்று. சீனாவைப் பற்றிய ஆணைதான், ஆனால் கொரியாவிலும் அந்தக் கதவு அதன் பிறகு திறந்தது. இன்றைக்குக் கொரியக் கத்தோலிக்கர்கள் புத்தாண்டுக்கும் சூசோக் அறுவடைப் பண்டிகைக்கும் முன்னோருக்காகத் திருப்பலி வைக்கிறார்கள், வீட்டில் செய்வதற்கென்று ஆயர்களே முறை வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். 2014இல் திருத்தந்தை பிரான்சிஸ் சியோலின் குவாங்வாமுன் சதுக்கத்தில் யுன் ஜி-சுங்கையும் அவரோடு 123 பேரையும் முத்திப்பேறு பெற்றவர்களாக (புனிதர் பட்டத்துக்கு முந்திய படி) அறிவித்தார். 148 வருடம் பிந்திப் பிறந்திருந்தால் அவர் சாக வேண்டியிருந்திருக்காது. எனக்கு இதைப் படித்தபோது பக்தி வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் மீது எனக்கு எந்தக் குறையும் கிடையாது. நம்பியதற்காகச் செத்தவரை நான் என்ன சொல்ல? எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு ஊரின் துக்க வீட்டுக்குள் ஒருநாள்கூட உட்காராமல், 'விக்கிரகம்' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதுகிற வழக்கத்தின் மேல்தான் கோபம். அந்த வழக்கம் உங்களிடமும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜோங் குடும்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இவர்கள் யுன் ஜி-சுங்குக்கு அத்தைப் பிள்ளைகள். யாக்-யோங்கின் அண்ணன் யாக்-ஜோங், பெண்களும் எளியவர்களும் படிக்கட்டும் என்று கொரிய எழுத்திலேயே ஞானோபதேசம் எழுதினார். 1801இல் அரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய கலாபனையில் அவர் தலை வெட்டப்பட்டது. யாக்-யோங் நாடுகடத்தப்பட்டார், 18 வருடம். அண்ணனின் மகன் ஜோங் ஹா-சாங் 1839இல் கைதாவதற்கு முன்பே முதலமைச்சருக்கு ஒரு மடல் எழுதித் தயாராக வைத்திருந்தார். (நான் எழுதுவதெல்லாம் ஒரு மடலா என்று அதைப் படித்தால் தோன்றும்.) நாங்கள் தகப்பனையும் அரசனையும் மறுப்பவர்கள் என்கிறீர்களே, எல்லாருக்கும் மேலான பெரிய அரசர், பெரிய தகப்பன் ஒருவர் இருக்கிறார், அவருக்குப் பணிவதுதான் பணிவின் உச்சம், அதே வேதம்தான் பெற்றோரைக் கனம்பண்ணவும் சொல்கிறது என்பது அவர் வாதம். படையலைப் பற்றி அவர் சொன்னது இன்னும் கூர்மை. தூங்குகிற தாய் தகப்பன் முன்னால் எந்த நல்ல மகனும் சோற்றை வைத்துச் சாப்பிடச் சொல்லமாட்டான், நிரந்தரமாகத் தூங்கிவிட்டவர்களுக்கு மட்டும் எதற்கு? கவனியுங்கள், 'நல்ல மகன்' என்ற கன்பூசிய அளவுகோலை அவர் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. அதை வைத்தே எதிராளியை அளக்கிறார். அவரும் அந்த வருடமே கொல்லப்பட்டார்.

புராட்டஸ்டண்டுகள் பக்கம் வந்தால், வந்த மிஷனெரிகள் இந்த விஷயத்தில் 1742 ரோமைவிடக் கண்டிப்பு. ஆனால் விசுவாசிகள் சும்மா இருக்கவில்லை. 1890களிலேயே கொரியக் கிறிஸ்தவர்கள் தாய் தகப்பன் இறந்த நாளில் வீட்டில் ஒரு நினைவு ஆராதனை வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேலேயிருந்து யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை, கீழேயிருந்து தானாக முளைத்தது, சபைகள் பின்னால்தான் அதை ஆராதனைப் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டன. பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம், அப்புறம் குடும்பத்தில் மூத்தவர் எழுந்து இறந்தவர் எப்படி வாழ்ந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார், அதன் பின் எல்லாரும் சேர்ந்து சாப்பாடு. படையல் இல்லை, விழுந்து கும்பிடுவது இல்லை. ஆனால் அதே நாள், அதே வீடு, அதே உறவுக் கூட்டம், பல வீடுகளில் நடத்துவதும் அதே மூத்த மகன்தான். சுவோனில் ஒரு நண்பர் வீட்டில் இப்படியொரு ஆராதனைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போகும்வரை அது சபைக்கூட்டம் என்றே நினைத்திருந்தேன், போனால் திருநெல்வேலியில் ஒரு திதி வீட்டின் களை.

ஐயாமாரே, உங்களிடம் நான் கேட்பதன் பாதி இதுதான். புதிதாகச் சபைக்கு வந்த ஒருவர், "அப்பாவுக்குத் திதி வருகிறது, அண்ணன் தம்பிகள் எல்லாரும் கூடுவார்கள், நான் என்ன செய்ய?" என்று கேட்கும்போது, "போகாதே, பிசாசின் பந்தி" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள். அந்த ஆள் அன்றைக்கு ஊரில் தகப்பனை மறந்தவன் என்று பேர் வாங்குகிறான். மேடையில் கொரியா உங்களுக்கு வேதாகமத்துக்கு அடுத்தபடி. இந்த இடத்தில் மட்டும் ஏன் கொரியா ஞாபகம் வருவதில்லை?

அதிகாலை ஜெபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைச் சபை வழக்கமாக்கியதில் பெரிய பெயர் கில் சோன்-ஜு. பியோங்யாங் எழுப்புதலின் முக்கியப் பிரசங்கி, முதன்முதலில் குருத்துவம் பெற்ற கொரியப் போதகர்களில் ஒருவர். கிறிஸ்தவராகும் முன் அவர் தாவோ வழிப் பயிற்சியில் வருடக்கணக்கில் மூழ்கிக் கிடந்தவர், விடியுமுன் எழுவது அவருக்குப் பழகிப்போன உடம்பு. இதைச் சொல்வதால் ஜெபத்தின் மகிமை குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. மறைத்தால்தான் குறைகிறது.

இறையியலிலும் இது பெரிய விவாதமாகவே நடந்திருக்கிறது, நம் பிரசங்கங்களில் ஒருநாளும் வராத பெயர்கள். யுன் சோங்-பம் என்ற மெதடிஸ்ட் இறையியலாளர், கார்ல் பார்த் என்ற சுவிஸ் இறையியலாளரை ஆழமாகப் படித்தவர், 1970களில் 'மெய்ம்மை' என்ற கன்பூசியக் கருத்தை மையமாக வைத்தே ஒரு கொரிய இறையியல் கட்ட முயன்றார். இயேசுவை அவர் 'தகப்பனுக்கு முழுமையாகக் கீழ்ப்படிந்த மகன்' என்று படித்தார். அவருக்கு முந்திய தலைமுறையில் ரியு யோங்-மோ என்ற சிந்தனையாளரும் இதைத்தான் வேறு விதத்தில் சொன்னார். கெத்செமனே தோட்டத்தில் "என் சித்தமல்ல, உம்முடைய சித்தம்" என்று வரும் இடத்தை இப்படிப் படித்துப் பார்த்தால் ஒரு கொரியத் தகப்பனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்கு ஒரு உறுத்தலும் இருக்கிறது. மகன் பணிந்தான், பணிந்தான் என்றே சொல்லிக்கொண்டிருந்தால், ஓய்வுநாளில் சட்டத்தை மீறியவரும், "என் தாய் யார், என் சகோதரர் யார்" என்று கேட்டவரும் எங்கே போனார்? கொரியாவின் பெண் இறையியலாளர்கள் இந்தப் பணிவுப் பேச்சை விமர்சித்ததில் அர்த்தம் இருக்கிறது, வீட்டில் அதிகமாகப் பணிய வைக்கப்பட்டவர்கள் அவர்கள்தானே.

கிம்ஜேயில் கும்சான் சபை என்று ஒரு ஓட்டு வீட்டுக் கோயில் இருக்கிறது, 1908இல் கட்டியது. தரை வரைபடம் மூலைமட்டம் மாதிரி இருக்கும். ஒரு கையில் ஆண்கள், இன்னொரு கையில் பெண்கள், நடுவில் திரை, மூலையில் பிரசங்கி. ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது என்ற கன்பூசிய விதிக்குக் கட்டடமே தலையாட்டியது. (வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று கோயிலைக் கட்டி நடுவில் சுவர் எழுப்பிய நம் ஆட்கள் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.) ஆனால் அதே கும்சானில் நடந்த இன்னொன்று: ஊர்ப் பணக்காரர் ஜோ தோக்-சாமும் அவர் வீட்டில் குதிரை பார்த்துக்கொண்டிருந்த அநாதைப் பையன் லீ ஜா-இக்கும் ஒரே சபையில் இருந்தார்கள். மூப்பர் தேர்தல் வந்தது. வேலைக்காரன் ஜெயித்தான், முதலாளி தோற்றார். வயதும் குலமும் எல்லாவற்றையும் தீர்மானித்த நாட்டில் அன்றைக்கு அந்தத் திரைக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பார்களோ. ஜோ எழுந்து, சபையின் முடிவுக்குப் பணிகிறேன், மூப்பர் லீக்குக் கீழே ஊழியம் செய்வேன் என்றார். அதோடு நிற்காமல் சொந்தச் செலவில் அவரை பியோங்யாங்கில் இறையியல் படிக்க வைத்தார், படித்துவிட்டு அதே சபைக்குப் போதகராக வந்தார் லீ. பிற்காலத்தில் மூன்று முறை பிரஸ்பிட்டேரியன் பொதுப்பேரவையின் தலைவர். இந்தக் கதையை நான் ஒரு தமிழ்ப் பிரசங்கத்தில்கூடக் கேட்டதில்லை, ஏன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி நொண்டுகிற கால். 2015 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தன்னைக் கன்பூசியர் என்று பதிந்துகொண்டவர்கள் 0.2 விழுக்காடு அளவுக்குத்தான். புராட்டஸ்டண்டுகள் 19.7 விழுக்காடு. ஆனால் சபைக்குள் போய்ப் பாருங்கள், யார் மூப்பர், யார் உதவிக்காரர், யார் யாருக்கு எத்தனை டிகிரி குனிய வேண்டும் என்பதிலிருந்து நவம்பரில் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காகத் தாய்மார் வைக்கிற நூறு நாள் ஜெபம் வரை எல்லாம் அந்தப் பழைய வீட்டின் சாமான்கள். பெரிய கேடு, போதகர் நாற்காலி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. சியோலின் சுங்ஹ்யோன் சபையில் 1997இல் மகன் பொறுப்பேற்றார். 2012இல் அந்தத் தகப்பன், வயதான காலத்தில், மகனை அமர்த்தியது தன் பெரிய தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2013இல் ஒரு பெரிய பிரஸ்பிட்டேரியன் பேரவை வாரிசு முறையைத் தடைசெய்து சட்டம் போட்டது. அந்தப் பேரவைக் கூட்டம் நடந்த இடம் மியோங்சோங் சபை. 2017இல் அதே மியோங்சோங்கில், சபையை நிறுவிய போதகரின் மகன் போதகரானார். 2019இல் பேரவை நீதிமன்றம் செல்லாது என்றது, அடுத்த மாதமே பேரவை கூடி 2021இலிருந்து இருக்கலாம் என்று சமரசம் செய்து வைத்தது.

இதற்கெல்லாம் கன்பூசியஸ்தான் காரணம் என்று கை காட்டுவது அங்கேயும் ஒரு வழக்கம். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். தகப்பன், மகன், குருபக்தி என்ற பேச்சு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது உண்மை. ஆனால் பிறப்பைவிடத் தகுதியைப் பார், அரசன் தவறினால் முகத்துக்கு நேரே சொல் என்பதும் கன்பூசியப் பாடம்தான், சொல்லிவிட்டு நாடுகடத்தப்பட்ட அமைச்சர்கள் அந்நாட்டு வரலாறு முழுக்க உண்டு. மியோங்சோங்கை எதிர்த்து இறையியல் மாணவர்கள் நின்றபோது அவர்களிடம் எனக்குத் தெரிந்தது அந்தப் பரம்பரைதான். நாற்காலி ஆசைக்கு எந்த ஊர்த் தத்துவமும் தேவையில்லை. நம் ஊரில் கன்பூசியஸ் வரவே இல்லை, ஆனாலும் சபை அறக்கட்டளைப் பத்திரத்தில் மனைவி, மகன், மருமகன் பெயர்கள் எப்படி வந்தன?

ஆக, கொரியாவைச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். புத்தகம் படித்து மனம் மாறியவர்களையும், தலை கொடுத்தவரையும், பிறகு மாறிப்போன சட்டத்தையும், திரை கட்டிய கோயிலையும், தோற்றுப்போன முதலாளியையும், மன்னிப்புக் கேட்ட கிழவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், சபைப் பயணம் என்று ஆள் சேர்த்து சியோலுக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு யொய்தோவில் ஆராதனை முடிந்தால் திங்கள் காலை யோங்சான் நிலையத்தில் கேடிஎக்ஸ் அதிவேக ரயில் ஏறுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் ஜோன்ஜு. யுன் ஜி-சுங் கொல்லப்பட்ட இடத்தில் ஜோன்தோங் கத்தோலிக்க ஆலயம் நிற்கிறது, 1914இல் கட்டி முடித்தது, அஸ்திவாரத்தில் இடித்த கோட்டை மதிலின் கற்கள். மதியம் அங்கேயே பிபிம்பாப் சாப்பிடலாம், அந்த ஊர்ச் சாப்பாடு அது, காரத்துக்கு நம் ஆட்கள் குறை சொல்லமாட்டார்கள். சாயங்காலத்துக்குள் மோவாக் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கும்சான் சபையையும் பார்த்துவிடலாம். பஸ் குறைவு, வேன் பேசிக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களில் பின்வரிசையில் உட்காருகிற ஒருவன்